நவம்பர் மாதத் தீர்ப்புகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. இரண்டாவது வாரத்துக்குள் தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. வர்ஜீனியா மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், சார்லட்ஸ்வில் நகரத்து வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின்மீது எனக்கு ஒரு பற்று உண்டு. என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர். நன்கு படித்தவர்கள், நாவலைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் நிதானமாகப் பேசக்கூடியவர்கள். ஆனால் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அவர்களில் ஒருவர் தவறாமல் இப்படிச் சொல்வார்: "பையன்களிடம் திறமை இருக்கிறது, ஒற்றுமை இல்லை. பணம் வந்தது, கூட்டு ஆட்டம் போயிற்று." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு மார்ச் மாதம் என்ன நடக்கும் என்பதுவரை கணித்து முடிப்பார்கள்.

அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அது பிழையானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது நேர்மையற்றது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில குறிப்புகள். அணிக்கு ஐவர். இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. பந்து கைக்கு வந்த 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். மார்ச் தொடக்கம்வரை ஏறக்குறைய முப்பது ஆட்டங்கள். பிறகு 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி. அதில் ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அணிகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பதினாறுவரை தரவரிசை கொடுப்பார்கள். முதல் சுற்றில் ஒன்றாம் தரவரிசை அணி பதினாறாம் தரவரிசை அணியைச் சந்திக்கும்.

*

ஒற்றுமை என்று நாம் எதைச் சொல்கிறோம்? நண்பர்களின் பேச்சில் அது ஒரு குணம். இருக்கிறவனிடம் இருக்கும், இல்லாதவனிடம் இருக்காது. தன்னலமற்ற பையன் பந்தைக் கொடுப்பான், தன்னலக்காரன் தானே எறிவான். பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்பிலிருந்து நேரே இறங்கி வந்த பார்வை இது.

களத்தில் நடப்பது வேறு. டோனி பென்னெட் 2009இல் வர்ஜீனியாவுக்குப் பயிற்சியாளராக வந்தபோது தன் தந்தை டிக் பென்னெட் உருவாக்கிய 'பேக் லைன்' என்ற தற்காப்பு முறையைக் கொண்டுவந்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வளைவு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார், மற்ற நால்வரும் அந்த வளைவுக்குள் நின்று கூடைக்குப் போகும் வழிகளை அடைப்பார்கள். பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் அந்த அரை விநாடியில் ஐவரும் ஒரே சமயத்தில் இடம் மாற வேண்டும். ஒருவர் ஓர் அடி பிந்தினால் போதும், கூடை திறந்துவிடும். பிந்தியவர் கெட்டவர் என்பதால் அப்படி நேர்வதில்லை. பக்கத்தில் நிற்பவர் எப்போது நகர்வார் என்பது அவருக்கு இன்னும் உடம்பில் ஏறவில்லை என்பதால் நேர்கிறது.

ஒரு பாடகரோடு பத்தாண்டு வாசித்த மிருதங்கக்காரருக்கு அவர் எந்த இடத்தில் மூச்செடுப்பார் என்று தெரியும். அதை மிருதங்கக்காரரின் நற்குணம் என்று எவரும் சொல்வதில்லை. அது பழக்கத்தினால் விளைந்த அறிவு. கூட்டு ஆட்டமும் அத்தகைய அறிவுதான். அதற்கு விலை உண்டு, அந்த விலை காலம்.

புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அறிவு தென்படாது. வர்ஜீனியாவின் 2019ஆம் ஆண்டு அணியில் ஜாக் சால்ட் என்றொரு நியூசிலாந்துக்காரர் இருந்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு புள்ளிகூட எடுக்காதவர். எதிரணித் தற்காப்பாளரின் வழியில் சுவர்போல நின்று, பின்னால் ஓடிவரும் தன் தோழருக்கு எறிவதற்கான இடைவெளியை ஏற்படுத்திக் கொடுப்பது அவர் வேலை. அந்தச் சுவருக்குப் பட்டியலில் இடமில்லை. அது எந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள அவர் ஐந்து ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் இருந்தார்.

*

இனி என் தரப்பின் முதன்மைச் சான்றுக்கு வருகிறேன். அது ஒரு தோல்வி.

2018 மார்ச் 16. சார்லட் நகரம். நாட்டின் முதல்நிலை அணியாக வர்ஜீனியா முதல் சுற்றில் இறங்குகிறது. அதுவரை 31 வெற்றி, இரண்டே தோல்வி. எதிரே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணி, பதினாறாம் தரவரிசை. ஆடவர் போட்டியில் அதுவரை ஒன்றாம் தரவரிசை அணிகள் 135 முறை இப்படி ஆடி 135 முறையும் வென்றிருந்தன. இடைவேளையில் 21-21. அந்தப் பருவம் முழுவதும் முழு ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 53 புள்ளிகளையே விட்டுக்கொடுத்த வர்ஜீனியா, இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. முடிவு 74-54.

அன்றிரவு ரசிகர்கள் பேசியவை எனக்கு மறக்கவில்லை. மெதுவாக ஆடும் இந்த முறையே காலாவதியாகிவிட்டது, நெருக்கடியில் பையன்கள் உடைந்துபோனார்கள், இந்தப் பயிற்சியாளரால் கோப்பை வராது, ஆளை மாற்றினால்தான் விமோசனம். அணியின் தற்காப்புக்கு முக்கியமான டிஆண்ட்ரே ஹன்ட்டர் மணிக்கட்டு முறிந்து ஆடாமல் இருந்ததுகூட அந்தப் பேச்சில் அடிபட்டுப்போயிற்று. தீர்ப்பு எழுதும் அவசரத்தில் சான்றுகளுக்கு இடமேது?

அந்த ரசிகர்கள் கையில் அதிகாரம் இருந்திருந்தால் அடுத்த வசந்தத்தில் நடந்தது நடந்திருக்காது. பென்னெட் இருந்தார். கைல் கை, டை ஜெரோம், ஹன்ட்டர், மமாடி டியாக்கிடே, சால்ட் எல்லோரும் இருந்தார்கள். 2019 மார்ச்சில் முதல் சுற்றில் மறுபடியும் ஒரு பதினாறாம் தரவரிசை அணியிடம், கார்ட்னர்-வெப்பிடம், முதல் பாதியில் 14 புள்ளிகள் பின்தங்கினார்கள். முந்தைய ஆண்டு நினைவு அரங்கம் முழுவதும் நிறைந்திருந்த நேரம் அது. அப்படியும் 71-56 என்று வென்றார்கள்.

அரையிறுதிக்குத் தகுதிபெறும் ஆட்டம் பர்டூவுடன். ஆறு விநாடிகூட மீதமில்லை. ஜெரோம் எறிந்த இரண்டாவது ஃப்ரீ த்ரோ தவறியது. டியாக்கிடே எம்பித் தட்டியதில் பந்து களத்தின் மறுபாதிக்கே உருண்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்த கீஹே கிளார்க், அணியிலேயே குள்ளமானவர், திரும்பி ஒரு நீண்ட பாஸ் கொடுத்தார். கூடைக்கு அருகில் நின்றிருந்த டியாக்கிடே வாங்கிய வேகத்தில் எறிந்தார். மணி ஒலித்தது, பந்து உள்ளே போயிற்று, 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று வெற்றி. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 0.6 விநாடி மீதமிருந்தபோது கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63-62 என்று முடித்தார். இறுதியில் டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றார்கள். ஹன்ட்டர் 27 புள்ளிகள். பல்கலைக்கழகத்தின் முதல் தேசியக் கோப்பை.

கிளார்க் அப்போது முதலாண்டு மாணவர்தானே, அவருக்கு ஏது பழக்கம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் பந்தைக் கொடுத்தது கல்லூரியில் நான்காம் ஆண்டில் இருந்த டியாக்கிடேவுக்கு. சுற்றிலும் நின்றவர்கள் மூன்றாண்டுகளாகச் சேர்ந்து ஆடியவர்கள். புதிதாக வந்த ஒருவர் பழகிய நால்வருக்கு நடுவில் விரைவில் தேர்ந்துவிடுகிறார். ஐவருமே புதியவர்கள் என்றால் யாரிடம் யார் கற்பது?

*

இனி பணத்துக்கு வருவோம். "பணம் வந்தது, ஒற்றுமை போயிற்று" என்பவர்கள், பணம் 2021இல்தான் கல்லூரி ஆட்டத்துக்குள் வந்தது போலப் பேசுகிறார்கள். 2010இல் தேசியப் போட்டியின் தொலைக்காட்சி உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அப்போதும் அணிகள் இருந்தன, பயிற்சியாளர்களுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம் இருந்தது, ஆடியவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டும். 2014இல் கனெக்டிகட் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஷபாஸ் நேப்பியர், தான் பசியோடு படுக்கைக்குப் போகும் இரவுகள் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத்தில்தான் ஆட்டக்காரர்களுக்கு வரம்பில்லாமல் உணவு கொடுக்க விதி தளர்த்தப்பட்டது. பசித்தவன் பந்தைப் பகிர்ந்துகொண்டதை அன்று நாம் ஒற்றுமை என்று கொண்டாடினோம்.

விசுவாசத்தின் கதையும் இதுதான். நெடுங்காலமாக, கல்லூரி மாறும் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓராண்டு களமிறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பயிற்சியாளருக்கு அப்படி ஒரு விதி ஒருநாளும் இருந்ததில்லை. 2021இல் ஒருமுறை மட்டும் தடையின்றி மாறலாம் என்றானது. 2024இல் அந்த ஒருமுறை என்ற வரம்பும் போயிற்று. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு அவர்கள் பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே தங்கள் வருவாயில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதலாண்டு உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். இவற்றில் எதையும் நான் எதிர்க்கவில்லை. நெடுநாள் கடன் ஒன்று தாமதமாகத் தீர்க்கப்படுகிறது, அவ்வளவே.

2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த அந்தப் பதினைந்தாம் தரவரிசை அணி, கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வீழ்த்தியது. பிறகு மரே ஸ்டேட், பிறகு பர்டூ. கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்த முதல் பதினைந்தாம் தரவரிசை அணி அதுதான். கூட்டு ஆட்டத்தின் மகத்துவம் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர்கள் பருவம் முடிந்த சில நாட்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, தான் படித்து ஆடிய சீட்டன் ஹாலுக்குப் போனார். தாய்க் கல்லூரிக்குத் திரும்புகிறார் என்று வாழ்த்தினோம். முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். அதற்கு நாம் வைத்த பெயர், அணி கலைந்துவிட்டது. ஒரே வாரத்தில், ஒரே காரணத்துக்காக, ஒரே கதவு வழியாக வெளியே போனவர்களில் நாற்பதைத் தாண்டியவருக்கு முன்னேற்றம் என்றும் இருபதைத் தாண்டியவனுக்குப் பேராசை என்றும் பெயரிட்டது எந்த அகராதி?

*

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கென்டக்கி 2012இல் முதலாண்டு மாணவர்களை முன்னிறுத்தியே கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் ஆண்டனி டேவிஸ் பத்து முறை எறிந்து ஒருமுறைதான் போட்டார். ஆனாலும் 16 ரீபவுண்ட், 6 தடுப்பு, 5 அசிஸ்ட் என்று ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் அப்படி ஆட முடிந்தவருக்குக் காலம் தேவைப்படவில்லை என்பது உண்மை. டூக் 2015இல் வென்றதும் முதலாண்டு மாணவர்களால்தான். ஆனால் அதே 2015இல் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவந்த கென்டக்கி, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்கள் நிறைந்த விஸ்கான்சினிடம் 71-64 என்று அரையிறுதியில் வீழ்ந்தது. அசாதாரணத் திறமை காலத்தின் வேலையைச் சில சமயம் செய்துவிடும். அந்தச் சில சமயங்களை விதியாக்கி எல்லா அணிகளையும் அளப்பதுதான் தவறு.

வெளியிலிருந்து வந்தவர்களால் அணி ஆகாது என்பதும் பொய். 2025இல் கோப்பை வென்ற ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்து வந்தவர். இதைச் சுட்டிக்காட்டி ஒரு நண்பர் என்னை மடக்கினார். அவர் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. மார்ட்டின்தான் அந்தப் பருவத்துக்குப் புதியவர். கிளேட்டனுக்கு அது ஃபுளோரிடாவில் இரண்டாம் பருவம், ரிச்சர்டுக்கு மூன்றாம் பருவம். எங்கிருந்து வந்தார்கள் என்பதைவிட, வந்த இடத்தில் தங்கினார்களா என்பதே கேள்வி.

தங்குவதற்கு நாம் விடுகிறோமா? இங்கேதான் ரசிகரின் பங்கு வருகிறது. வசந்தகாலத்தில் பழைய மாணவர்களிடம் நிதி திரட்டப்படுகிறது. அந்த நிதியில் யார் வந்தார் யார் போனார் என்று நாள்தோறும் பட்டியல் பார்க்கிறோம். போன பருவத்தில் எட்டு புள்ளி எடுத்தவரின் இடத்துக்குப் பதினான்கு புள்ளிக்காரர் கிடைத்தால் கைதட்டுகிறோம். எட்டு புள்ளிக்காரருக்கு எந்த வளைவில் யார் பின்னால் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, பதினான்கு புள்ளிக்காரருக்கு அது தெரியாது என்ற கணக்கு எவருடைய ஏட்டிலும் இல்லை. ஏப்ரலில் அணியைப் பிரித்துப்போடச் சொன்ன அதே குரல், நவம்பரில் ஒற்றுமை எங்கே என்று கேட்கிறது. நேர்மையற்றது என்று நான் சொன்னது இதைத்தான்.

கோப்பையை வென்ற 2019இலேயே, தனக்குத் தர முன்வந்த ஊதிய உயர்வை வேண்டாம் என்று சொன்னவர் டோனி பென்னெட். 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, 55 வயதில் அவர் விலகினார். ஆட்டக்காரர்களுக்கு வருவாயில் பங்கு கிடைப்பது சரியே என்று அன்று தெளிவாகச் சொன்னார். மாறிவிட்ட இந்தச் சூழலுக்குத் தான் பொருத்தமானவன் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். என் நண்பர்கள் அதைப் பணத்துக்கு எதிரான வாக்குமூலமாகப் படித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஐவரைச் சேர்த்துவைத்துக் கற்பித்துப் பழகிய ஓர் ஆசிரியர், மாணவர்கள் ஆண்டுதோறும் மாறும் வகுப்பறையைப் பார்த்துச் சொன்னதாக நான் படிக்கிறேன்.

*

அணியைக் கணிக்கவே கூடாதா என்று கேட்டால், தாராளமாகக் கணிக்கலாம். கேள்விகளை மட்டும் மாற்றிக்கொள்வோம். சென்ற பருவத்தில் ஒன்றாகக் களத்தில் நின்றவர்கள் இன்று எத்தனை பேர்? அவர்களில் பந்தைக் கையாளுபவர் உண்டா? தற்காப்பில் ஒருவர் ஏமாந்தால் அடுத்தவர் கைகாட்டாமலே அந்த இடத்துக்குப் போகிறாரா, அல்லது கத்திக் கூப்பிட வேண்டியிருக்கிறதா? நெருக்கமான ஆட்டம் ஒன்றைத் தோற்றபின் அடுத்த ஆட்டத்தில் அதே தவறு திரும்புகிறதா? இவற்றுக்கு நவம்பரில் விடை இருக்காது, ஜனவரியில் பாதி இருக்கும். விடை தெரியும்வரை பையன்களின் குணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை.

2025 மார்ச்சில் வர்ஜீனியா புதிய பயிற்சியாளரை நியமித்தது. அவர் ரயன் ஓடம். 2018இல் அந்த 74-54 ஆட்டத்தில் எதிரணியின் பயிற்சியாளராக நின்றவர் அவரே. அவருடைய தந்தை டேவ் ஓடம் ஒருகாலத்தில் இதே சார்லட்ஸ்வில்லில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அணியின் பெரும்பகுதியை ஓடம் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நவம்பரிலும் எங்கள் வரவேற்பறையில் அதே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது ஆட்டம் முடிந்தது. நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்படி இருக்கிறது அணி?" என்று என்னைக் கேட்டார்.

பிப்ரவரியில் கேளுங்கள் என்றேன்.